சீசன் முடியும்வரை தடை

குற்றாலநாதர்மேல் ஆணை, இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

மேலகரத்து முப்பிடாதி பெரிய துப்பறிவாளர். ஐந்தருவியில் நின்று அவர் யோசித்தால், இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று ஓர் அருவி ஒதுங்கிக்கொள்ளும். அன்றைக்கு நாலருவிதான்.

ஆடி மாதக் காலையில் பொன்செல்வி போனை நீட்டியபடி வந்தாள். ஆற்றில் ஒரு குழாய் கறுப்புத் தண்ணீர் கொட்டுவதை அவள் வீடியோ போட்டிருந்தாள். குழாயைத் தவிர அதில் வேறெதுவும் தெரியாது.

"அண்ணாச்சி, டெல்லியிலேருந்து தடை உத்தரவாம். நாளைக்கு வீடியோவைத் தூக்கிருவாவளாம். அந்தத் தண்ணியிலதான் எங்க தெருப் பிள்ளைய குளிக்குதுவ."

உத்தரவின் நகலை, வீடியோ தளத்தை நடத்தும் கம்பெனியே அவளுக்கு அனுப்பியிருந்தது: 'சமையலறைக் கழிவு பற்றிய இவ்வீடியோவை சீசன் முடியும்வரை தடை செய்க.'

உதவியாளர் ஷெர்லின் துள்ளினாள். "அமெரிக்கக் கம்பெனில்லா! சர்க்காரை எதிர்த்து நிக்க மாட்டானா?"

"ஏட்டி, அவனுக்கு இங்கன ஆபீஸ் இருக்கு, ஆள் இருக்கு, வியாபாரம் இருக்கு. நெசமான உத்தரவுன்னா எம்புட்டுப் பெரிய கம்பெனியும் குனியும். ஆனா குனியுமுன்ன ஒரு கேள்வி கேக்கலாம். கேட்டிருக்கான் பாரு," என்றார் முப்பிடாதி.

நகலின் அடியில், உத்தரவு அனுப்பியவருக்குக் கம்பெனி வக்கீல் எழுதிய பதில் ஒரே வரி: 'எந்த சீசன்?'

கடலுக்கு அப்பால் உட்கார்ந்து சரியான இடத்தில் கை வைத்த அந்த வக்கீலுக்கு, முப்பிடாதி எழுந்து நின்று ஒரு கும்பிடு போட்டார்.

மத்தியானம் ஆற்றோர லாட்ஜ்காரர்கள் மூவரையும் வரவழைத்தார்.

"டெல்லிக்காரனுக்கு சீசன்னா கிரிக்கெட்டா, கல்யாணமான்னு சந்தேகம் வரும். சாரல் அடிக்குத மாசத்தை வெறும் 'சீசன்'னு எழுதுதவன் குத்தாலத்துக்காரன். அப்ப இது இங்கன அடிச்ச போலி. வீடியோவுல தெரியுதது வெறும் குழாய். அது சமையலறைக் கழிவுன்னு குழாய்க்கு அந்தப் பக்கம் இருக்கவனுக்குத்தான தெரியும்? உங்கள்ல சமையலறை வச்சிருக்கது யாரு?"

இருவர் மணிமுத்துவைப் பார்த்தார்கள். மணிமுத்து தரையைப் பார்த்தார்.

"சீசன் நேரம் அண்ணாச்சி…" என்று ஆரம்பித்தவர், தன் வாயில் வந்த சொல்லைத் தானே கேட்டு நிறுத்திக்கொண்டார்.

"முதல்ல குழாயை அடைலே," என்றார் முப்பிடாதி.

சாயங்காலமே குழாய் அடைபட்டது. விவரத்தை எழுதி அனுப்பியதும் கம்பெனி பதில் போட்டது: உத்தரவு போலி, வீடியோ அங்கேயே இருக்கும். அப்படிப்பட்ட முதுகெலும்பை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்த வீடியோவை இப்போது தேடினால், 'அரசு உத்தரவின்படி உங்கள் நாட்டில் இது கிடைக்காது' என்று வருகிறது.