மூன்று மணிக்குக் கரண்ட் நிற்கும்

கணினித் திரை கறுத்துவிட்டது. பெட்டிக்குள் விசிறி மட்டும் நிற்கவில்லை. மூன்று நாட்களாக இப்படித்தான். சுபைறா அணைக்கக் கொடுப்பாள், வெளிச்சம் போகும், பிறகு மேசைக்கடியில் அந்த இரைச்சல் ஏறி, ஒரு கணம் தங்கி, இறங்கி, கடற்கரைப் பக்கத்து ஜன்னலால் வரும் உப்புக் காற்றோடு கலந்து, வீடு முழுக்க ஊர்ந்துகொண்டிருக்கும்.

கணினி அவளுடைய கணவர் ஜெமீலுடையது. அவர் மௌத்தாகி இரண்டு மாதம். அவருடைய படங்களைப் பார்க்கத் திறந்தபோது, புதுப்பிக்கவா என்று அது கேட்டது. அவள் ஓம் கொடுத்தாள்.

கணவன் இறந்தபின் நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் இருப்பவளின் முன்னால் அந்நிய ஆண் வரமுடியாது. கல்முனையில் கணினி திருத்தும் முர்ஷித், நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து, விறாந்தையில் கதிரை போட்டு, வாசல் சீலைக்கு அப்பாலிருந்து கதைத்தான்.

"சிஸ்டத்துக்கு அடியில ஓடுற கேர்னலுக்குப் புதுப் பேட்ச் ஒண்டு ஏறியிரிக்கி ராத்தா. அதுதான் பிழை. மெசினுக்குச் சாகத் தெரியாமப் போயிட்டு."

சுபைறா குனிந்து மேசைக்கடியைப் பார்த்தாள். "வயரக் கழட்டினா என்ன தம்பி?"

"படமெல்லாம் பழுதாகும். எப்பிடியும் மூணு மணிக்குக் கரண்ட் நிப்பாட்டுறாங்க, லைன் வேலையாம். அதுக்குள்ள ஒழுங்கா அணைச்சிருவம். றீஸ்டார்ட் குடுங்க. பட்டியல் ஒண்டு வரும், அதுல பழைய கேர்னல எடுங்க. ஜெமீல் நானா பாவிச்சது அதுதான்."

எடுத்தாள். தன் பெயரில் உள்ளே போனாள். மறுபடி அணைத்தாள். கறுப்பில் ஒரு வரி எழுந்தது.

"என்ன எழுதியிரிக்கி ராத்தா?"

"ஜெமீல் உள்ளுக்கு இரிக்காராம். அவர்ர வேல முடியல்லையாம். அதுவரைக்கும் காத்திருக்குதாம்."

சீலைக்கு அருகில் முர்ஷித்தின் குரல் வந்தது.

"நீங்க உங்கட பேரிலதானே போன?"

"ஓம்."

"அப்ப அப்பிடி வர ஏலாதே." கதிரை அசைந்தது. "சரி, படத்தப் பிறகு பாப்பம். கழட்டுங்க."

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

விசிறி நிற்கவில்லை. திணறியது. மேசைக்கடியிலிருந்து டெட்டோல் வாசம் வந்தது. ஒன்பது நாள் மூச்சு மெசினில் அவர் கிடந்த ஆஸ்பத்திரி வாட்டின் வாசம். "இனிக் கழட்டுவமா?" என்று டாக்டர் கேட்டார். அவள்தான் ஓம் என்றாள். அன்றும் அவர் மூச்சு இப்படித்தான் இழுத்தது. ஏறாமல். இறங்காமல். நடுவில் ஓர் இடைவெளி. அடுத்தது அதைவிட நீளம்.

பிளக்கைத் திரும்பச் செருகினாள்.

மூச்சு சீரானது.

"நிண்டிட்டா ராத்தா?"

"ஓம். நிண்டிட்டு. நீங்க போங்க தம்பி."

கேற் சாத்தும் சத்தம். சுபைறா மேசைக்கடியில் குந்தி, இரண்டு கைகளாலும் பிளக்கைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கடிகாரத்தில் மூன்று மணிக்கு இன்னும் நான்கு நிமிடம். அவளுடைய பிடரியில், இளஞ்சூடாக, நிதானமாக, அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.