அணைக்க முடியாத அடுப்பு

ரேஷன் கடைக்காரர் மண்ணெண்ணெய் பீப்பாயைச் சாய்த்துக் காட்டினார். உள்ளே ஒரு சொட்டுகூட இல்லை.

"நல்லாப் பாத்துக்கங்க. அப்புறம் நான் ஒளிச்சு வச்சிருக்கேன்னு சொல்லக் கூடாது."

"அரபு நாட்டுல எண்ணெய் தர மாட்டேன்னுட்டாங்களாம்," என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

"அங்க எவனோ எவனோடயோ சண்டை போட்டா, முத்தியால்பேட்டையில என் வீட்டு உலை கொதிக்கக் கூடாதா?" என்றார் பின்னால் நின்றவர்.

யாரும் சிரிக்கவில்லை. கமலவேணி காலி டின்னைத் தூக்கிக்கொண்டு மழையில் நடந்தாள்.

அது எழுபத்து மூன்றாம் வருஷத்துக் கார்த்திகை. அம்மா அஞ்சலாட்சி தினமும் காலையில் பஞ்சாலை வாசலில் இட்லி விற்பாள். அப்பா பலராமன் அதே ஆலையில் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி, இளைப்பு நோய் வந்து, இப்போது வீட்டோடு இருக்கிறார். இட்லி விற்றால்தான் மூவருக்கும் சோறு.

"கிருஷ்ணாயில் இல்லன்னுட்டாங்களா?" என்றாள் அம்மா.

"பீப்பாயையே கவுத்துக் காட்டிட்டாரும்மா."

விறகும் மழையில் ஊறிக் கிடந்தது. அம்மா மூலையில் இருந்த பழைய தகர டின்னைப் பார்த்தாள். பக்கவாட்டில், அடியை ஒட்டி ஓட்டை போட்ட டின் அது.

"அப்ப தூளடுப்புதான். மரம் அறுக்கற மரவாடிக்குப் போயி ஒரு கோணி மரத்தூள் கேட்டு வாங்கிட்டு வா."

டின்னின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கொட்டி, உலக்கையால் இறுகக் குத்தினார்கள். பிறகு பாட்டிலை மெதுவாகத் திருகி உருவினார்கள். நடுவில் புகைபோக்கிபோல ஒரு குழி விழுந்தது. மறுநாள் விடியற்காலையில் அம்மா அடி ஓட்டை வழியாகத் தீ வைத்தாள்.

இட்லி வெந்தது. ஆனால் வீடு முழுக்கப் புகை.

இருந்தது ஒரே அறை. அப்பா இருமினார். இருமி முடித்து, "எனக்கு ஒண்ணுமில்ல, நீ வேலையைப் பாரு," என்றார். மறுபடி இருமினார்.

மண்ணெண்ணெய் அடுப்பு நாறும். ஆனால் இப்படிப் புகையாது. வேலை முடிந்ததும் அணைத்துவிடலாம். தூளுக்கு ரேஷன் இல்லை, வரிசை இல்லை. ஆனால் ஒருமுறை பற்றிவிட்டால் தூள் தீரும்வரை கனிந்துகொண்டே இருக்கும். இட்லி வெந்து, வீட்டுச் சோறும் வெந்து, அம்மா கூடையோடு ஆலைக்குப் போன பிறகும், யாருக்கும் வேண்டாத நெருப்பு நடுப்பகல்வரை புகைந்தது.

மூன்றாம் நாள் அம்மா கிளம்பியதும் அப்பா எழுந்தார்.

"உள்ள புழுங்குது. கொஞ்சம் காத்தாட நிக்கிறேன்."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

கமலவேணி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெளியே போனாள். அப்பா கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு சுவரை ஒட்டி நின்றிருந்தார். கால் நனைந்து நடுங்கியது. ஒவ்வொரு மூச்சும் விசில்போலக் கேட்டது.

"உள்ள வாப்பா."

"அடுப்பும் நானும் ஒரே ரூம்ல இருக்க முடியாதும்மா. அடுப்பு சோறு போடுது. நான் என்ன போடறேன்?"

கமலவேணி பக்கத்து வீட்டைப் பார்த்தாள். அங்கே வீராயியின் ஆட்டுக் கொட்டகை காலியாகக் கிடந்தது. தகரக் கூரை. மூன்று பக்கமும் திறப்பு.

வீராயியும் அம்மாவும் பேசி மாதங்கள் ஆகின்றன. குழாயடியில் யார் குடம் முதலில் இருந்தது என்ற சண்டை.

கமலவேணி போய்க் கதவைத் தட்டினாள்.

"என்னடி?" என்றாள் வீராயி.

"அத்தை, உங்க கொட்டாயில எங்க அடுப்பை வச்சுக்கலாமா?"

"உங்கம்மா அனுப்பினாளா?"

"இல்ல. தெரிஞ்சா அடிப்பாங்க."

"அடிக்கட்டும். வாங்கிக்க."

வீராயிக்குப் பின்னால் அவளுடைய பிள்ளைகள் காய்ந்த பொரியை மென்றுகொண்டிருந்தார்கள். அடுப்பில் தீ இல்லை.

"உங்க வீட்ல கிருஷ்ணாயில் இருக்கா, அத்தை?"

"எவ வீட்லடி இருக்கு?"

"எங்க வேலை முடிஞ்ச பின்னாலயும் அந்த அடுப்பு மத்தியானம் வரைக்கும் கனியும். அணைக்கவே முடியாது. வீணாத்தான் போகுது. நீங்க உலை வச்சுக்கலாம்."

வீராயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தூள் யாரு கொண்டாருவா?"

"நானு."

வீராயி பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உங்கப்பன் மூச்சு செவுத்துக்கு இந்தப் பக்கமும்தான் கேக்குது. நாளைக்குக் கொட்டாயிலயே பத்த வைங்க."

அம்மா வந்ததும் கமலவேணி சொன்னாள். அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அவ கொட்டாயிலயா? அதுக்கு நான் நடுத்தெருவுல மழையிலயே சமைப்பேன்!"

"இன்னைக்கு அப்பா மழையிலதான் நின்னாரும்மா."

அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். வேட்டி இன்னும் ஈரமாக இருந்தது. அப்பா சுவரைப் பார்த்தார்.

அடுப்பு ஆறியதும் சாம்பலைக் கொட்டிவிட்டு, டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவே பக்கத்து வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் இட்லிப் பானை இறங்கியது. வீட்டுச் சோறு இறங்கியது. வீராயி தன் உலையை ஏற்றினாள்.

"கமலா, தூளை இன்னும் இறுக்கிக் குத்தணும்னு உங்கம்மாகிட்ட சொல்லு," என்றாள். அம்மா கையெட்டும் தூரத்தில்தான் நின்றாள்.

"பானையை ஒழுங்கா மூடச் சொல்லு. பொங்கி நெருப்புல ஊத்திடப் போவுது," என்றாள் அம்மா.

நடுவில் நின்ற கமலவேணி இரண்டு பக்கமும் தலையாட்டினாள்.

மழை விடவில்லை. மண்ணெண்ணெய் வரவில்லை. அப்பாவின் இளைப்பும் நிற்கவில்லை. ஆனால் அறையில் புகை இல்லை. அவர் காய்ந்த பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கமலவேணி தட்டில் இரண்டு இட்லி கொண்டுபோய் வைத்தாள்.

அப்பா நிறுத்தி நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டே சாப்பிட்டார். பிறகு தட்டை நீட்டி இன்னொன்று கேட்டார்.