துணி மடிக்கிற பாட்டு

"நீ பாட்டுக்கு முனையை விட்டுட்டா, இந்தப் பக்கம் நிக்கிற நான் என்னடி பண்ணுவேன்?"

அக்கா ஒருநாள் அப்படிக் கேட்டாள். கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். காய்ந்த விரிப்பு ஒன்று இருவருக்கும் நடுவில், மொட்டைமாடியின் ஈரத்தரையில் விழுந்து கிடந்தது. அதை மறுபடி துவைக்க வேண்டும். தங்கை தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். எதற்குமே பதில் சொல்லாதவள் அவள். வகுப்பில் எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொன்னதற்கு நடுங்கியே பள்ளிக்கூடத்தை விட்டவள். வீட்டில் முதலில் வாயில்லாப்பூச்சி என்றார்கள். நாளடைவில் வெறும் பூச்சி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

கீழே அப்பாவின் சலவைக்கடை, நடுவில் வீடு, மேலே துணி காயப்போடும் மாடி. விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை மடிப்பது பெண்கள் இருவரின் வேலை. பெரிய விரிப்பு ஒற்றைக் கைக்கு அடங்காது. ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, விறைப்பாக இழுத்து ஒரு உதறு உதறி, பாதியாக்கி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வரவேண்டும். நடுவில் விரலும் விரலும் தொடும். ஒருத்தி முனைகளை வாங்கிக்கொள்ள, மற்றவள் குனிந்து தொங்குகிற மடிப்பை எடுப்பாள். மறுபடி பின்னால் நடப்பாள். கால் தப்பாமல் இருக்கப் பாட்டு வேண்டும். ஒரு பாட்டுக்கு ஆறு விரிப்பு.

அதற்காக அக்கா பாட்டு ஆப்பில் சேர்த்து வைத்ததுதான் 'துணி மடிக்கிற பாட்டு' என்ற பிளேலிஸ்ட். நாற்பத்தொரு பாட்டு. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்தே விட்டிருந்தாள். "பாட்டுதானே, நகையா, பூட்டி வைக்க?" என்பாள். பின்தொடர்பவர்கள் இரண்டு பேர் என்று அது காட்டும். ஒன்று பூச்சி. இன்னொன்று பெயரும் படமும் இல்லாத ஒரு சாம்பல் வட்டம்.

"நமக்கும் ஒரு ரசிகர் இருக்காருடி!" என்று அக்கா பூரித்துப்போனாள்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்த லிஸ்டுக்கு வேறு வேலை வந்தது. அத்தான் தினமும் சாயங்காலம் வந்ததும் அக்காவின் போனைத்தான் முதலில் வாங்குவார். யாரிடம் பேசினாள், எத்தனை நிமிடம், என்ன எழுதினாள் என்று எல்லாம் பார்ப்பார். பாட்டுகளை மட்டும் பார்ப்பதில்லை. அதனால் அக்கா பாட்டிலேயே பேச ஆரம்பித்தாள். லிஸ்டின் உச்சியில் படகுப் பாட்டு இருந்தால் நன்றாயிருக்கிறேன். மணிப் பாட்டு இருந்தால் அடி விழுந்தது. ரயில் பாட்டு இருந்தால், வந்து கூட்டிக்கொண்டு போ.

இரண்டு தடவை ரயில் பாட்டு வந்தது. இரண்டு தடவையும் அப்பா பஸ் ஏறிப் போனார். கதவைத் திறந்தது அக்காதான். முழுக்கைச் சட்டையோடு, சிரித்த முகத்தோடு. பின்னால் அத்தான். "சும்மா பாக்க வந்தீங்களாப்பா?" என்றாள். அப்பா திரும்பி வந்து பூச்சியின் மேல் எரிந்து விழுந்தார்.

மூன்றாவது தடவை ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு. பூச்சி போனை நீட்டினாள்.

"பாட்டைப் பாத்து பஸ் ஏறுற குடும்பம் உலகத்துலயே நம்ம குடும்பம்தான். போடி, லோடு கிடக்கு," என்றார் அப்பா.

பூச்சி இன்னொரு தடவை சொல்லவில்லை. லோடு முடியட்டும் என்று நினைத்தாள். லோடு முடிந்தபோது போன் வந்தது. அக்கா குளியலறையில் வழுக்கி, வாளி விளிம்பில் தலை மோதி, போய்விட்டாளாம். கூடவே போனும் தண்ணீரில். அந்தச் செத்த போன் இப்போது பூச்சியின் இழுப்பறையில் இருக்கிறது. கண்ணாடிக்குள் இன்னும் நீர்த்துளிகள்.

மூன்று மாதமாக லிஸ்டின் உச்சியில் ரயில் பாட்டு அப்படியே நின்றது. புண்ணை அமுக்கிப் பார்ப்பதுபோல் பூச்சி தினமும் அதைத் திறந்து பார்ப்பாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை மதியம் திறந்தபோது, உச்சியில் படகுப் பாட்டு இருந்தது.

நன்றாயிருக்கிறேன்.

பூச்சிக்குக் காது சுட்டது. அத்தான்தான். வேறு யார்? அக்காவின் பிறந்தநாளைப் போட்டால் திறக்கிற கணக்கு. பாட்டு ரகசியத்தையும் அம்மா துக்கத்தில் உளறியிருப்பாள். செத்தவள் வாயில் 'நன்றாயிருக்கிறேன்' என்று திணித்துவிட்டு, இன்று நாலரை மணிக்கு வருகிறார். வருகிற காரியம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"தெரிஞ்ச இடம்டி," என்றாள் அம்மா, கண்ணாடித் தம்ளர்களைத் துடைத்தபடி. "உங்கக்கா வாழ்ந்த வீடு."

வாழ்ந்த வீடா? தொண்டை வரை வந்த வார்த்தையைப் பூச்சி விழுங்கினாள். அது உள்ளே போய் எரிந்தது. அக்காவுக்குச் சின்னதாகிப்போன கவுன், அக்கா படித்துக் கிழித்த புத்தகம், அக்கா தேய்த்துத் தேய்த்து ஒரு பக்கம் சாய்ந்துபோன செருப்பு என்று எல்லாமே இவளுக்கு வந்து சேர்ந்தவைதான். இப்போது அக்காவின் புருஷன். அதையும் கொஞ்சம் பிடித்துத் தைத்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள்.

"மழை வர்ற மாதிரி இருக்கு. மேல விரிப்பை எடுத்துடு. அவர் வர்றதுக்குள்ள முகம் கழுவிக்க," என்றாள் அம்மா.

மாடிக்கு இருபத்திரண்டு படி. மேலே போனதும் வெளுப்புத் தூளின் காரமான வாசனை மூக்கில் ஏறியது. வானம் கழுவாத பாத்திரம்போல இருண்டு தாழ்ந்திருந்தது. ஐந்து கொடியிலும் விரிப்புகள் வரிசை வரிசையாகத் தொங்கின. காற்று ஒரு வரிசையைத் தூக்கும்போது அடுத்த வரிசை தெரிந்தது, அதைத் தூக்கும்போது அதற்கடுத்தது. கம்பத்தில் மாட்டியிருந்த சின்ன ஸ்பீக்கரின் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை அணைத்து மூன்று மாதமாகிறது.

பூச்சி முதல் விரிப்பை எடுத்தாள். ஒற்றை ஆளாக மடிக்க ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். இரண்டு முனையைக் கொடியில் கிளிப் போட்டுவிட்டு, மற்ற இரண்டையும் பிடித்துக்கொண்டு நடப்பது. கொடி எதிரே நடந்து வராது. எல்லாத் தூரத்தையும் இவளே நடக்க வேண்டும். அதற்கும் கோபம் வந்தது.

நாலாவது விரிப்பில் ஸ்பீக்கர் கரகரத்தது. பாட்டு ஆரம்பித்தது. மணிப் பாட்டு.

பையிலிருந்து போனை எடுத்தாள். இவள் போனில் எதுவும் ஓடவில்லை. லிஸ்டைத் திறந்தாள். படகுப் பாட்டு கீழே இறங்கியிருந்தது. மணிப் பாட்டு உச்சியில். அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைக் கோடுகள் எழுந்து எழுந்து அடங்கின. 'இப்போது கேட்கிறார்' என்று காட்டியது.

பாதியில் பாட்டு நின்றது. நின்ற பிறகுதான் இன்னொரு சத்தம் காதில் விழுந்தது. சொட்டு. சற்று விட்டு, சொட்டு. மதிய வெயிலில் எல்லா விரிப்பும் அப்பளம்போலக் காய்ந்திருந்தன. கடைசி வரிசையில் ஒன்றே ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. மற்றவை காற்றில் ஆடின. அது ஆடவில்லை.

படியில் காலடிச் சத்தம். பூச்சி திடுக்கிட்டுத் திரும்பினாள். அத்தான். வெறுங்காலோடு, தேய்த்த சட்டையோடு, வாசனைத் திரவியம் மணக்க.

"என்ன பூச்சி, கீழ உங்கம்மா தேடறாங்க. நான்தான் நானே போய்க் கூட்டிட்டு வர்றேன்னு சொன்னேன். தனியா ரெண்டு வார்த்தை பேசலாம்ல?"

பூச்சி ஒரு விரிப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கேட்டுவிட வேண்டும். இந்த ஒரு தடவை, இந்த ஒரே ஒரு தடவை.

"அக்கா லிஸ்ட்ட... நீங்கதானே மாத்துறீங்க?"

அவர் சிரித்தார். "அட, பேசுதே! எந்த லிஸ்ட்டு? துணி மடிக்கிற பாட்டா?"

பெயர் அவர் வாயிலிருந்து அவ்வளவு பழக்கமாக வந்தது.

"நான் எதுக்கு மாத்துறேன்? நான் பாக்குறதோட சரி." அவர் தன் போனை எடுத்து இவள் முகத்துக்கு நேராக நீட்டினார். அவருடைய கணக்கு. பெயர் இல்லை, படம் இல்லை. ஒரு சாம்பல் வட்டம்.

"பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். ஊருக்கே கடை விரிச்சு வெச்சிருந்தாளே உங்கக்கா! ஊர்ல நானும் ஒருத்தன்தானே? ஒரு தடவை ரயில் பாட்டு மேல வந்துச்சு, மறுநாள் உங்கப்பா வந்து நின்னார். ரெண்டாவது தடவையும் அதே மாதிரி. நான் என்ன, காதுல பூ வெச்சவனா?" அவர் குரல் உயரவே இல்லை. பக்கத்து வீட்டு நாயைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார். "மூணாவது தடவை ஆபீஸ்ல உக்காந்துட்டு இருந்தேன். பதினோரு மணி. பாத்தேன். லீவு சொல்லிட்டு வீட்டுக்குப் போனேன்."

ரசிகர்.

அன்று அந்தப் பாட்டைப் பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி லோடு முடியட்டும் என்று காத்திருந்தாள். ஒருவர் உடனே கிளம்பிப் போனார்.

"நீ அவளை மாதிரி இல்ல. வாயில்லாப்பூச்சி. அதான் எனக்குப் பிடிச்சிருக்கு," என்றார் அவர். "குடு. ரெண்டு பேரா மடிச்சா சீக்கிரம் முடியும்."

இவள் நெஞ்சோடு பிடித்திருந்த விரிப்பின் இரண்டு முனைகளை அவர் பற்றி இழுத்தார். விரிப்பு விரிந்தது. மற்ற இரண்டு முனைகள் இவள் கையில். இடையில் வெள்ளைத் துணி விறைத்து நின்றது.

ஸ்பீக்கர் கரகரத்தது.

ரயில் பாட்டு.

கடைசி வரிசையில் சொட்டுச் சத்தம் நின்றது. அதற்குப் பதிலாக, ஈரக்கால் தரையில் பதிகிற சத்தம். ஒன்று. இரண்டு. பாட்டின் தாளத்துக்கு. காற்று சுத்தமாக நின்றுவிட்டது. ஆனாலும் நாலாவது வரிசை விலகி மூடியது. மூன்றாவது வரிசை விலகியது. மூடியது. குளியல் சோப்பின் வாசனை. அதன் அடியில் இரும்புபோல ஒரு வாசனை. பூச்சியின் பிடரியில் ஒரு துளி நீர் விழுந்து முதுகில் இறங்கியது. யாரோ குனிந்து இவள் தோள்மேல் எட்டிப் பார்க்கிறார்கள்.

பூச்சி திரும்பிப் பார்க்கவில்லை. பயத்தைவிடப் பெரிதாக ஒன்று உள்ளே எரிந்தது. எதிரே நின்ற அந்தத் தேய்த்த சட்டையை, அந்தச் சிரிப்பை, அந்த விரல்களைப் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே, முனைகளை விட்டாள்.

விரிப்பு விழவில்லை.

விட்ட உயரத்திலேயே நின்றது. இரண்டு முனைகளும் விரலால் கிள்ளிப் பிடித்ததுபோல் குவிந்திருந்தன. குவிந்த இடத்தில் ஈரம் ஊறியது.

"எப்படி இது..." என்றார் அத்தான். கையை உதறினார். கை வரவில்லை. துணி அவர் விரல்களை விடவில்லை.

விறைப்பாக ஒரு இழு. ஒரு உதறு.

எலும்பு முறிகிற சத்தம் பாட்டுக்குள் கேட்டது.

பிறகு அது அவரை நோக்கி நடந்தது. அக்காவின் நடை. தாளம் தப்பாத நடை. விரிப்பு அவர் முகத்தைத் தொட்டது. மூடியது. உள்ளே வாய் திறக்கிற பள்ளம் தெரிந்தது. சத்தம் வரவில்லை. பாதியானது. இன்னொரு தடவை குனிந்து, மடிப்பை எடுத்து, பின்னால் போய், முன்னால் வந்தது. நாலானது. அவர் உயரம் இருந்த இடத்தில் அவர் உயரம் இல்லை. எட்டானது. ஓரங்கள் நேராக, முனையோடு முனை சேர்ந்து. அக்கா எப்போதும் அப்படித்தான் மடிப்பாள்.

மடித்த விரிப்பு அடுக்கின்மேல் போய் உட்கார்ந்தது. ஒரு உள்ளங்கை அதைத் தடவிச் சமப்படுத்தியது. ஐந்து ஈர விரல்.

பாட்டு முடிந்தது. ஆறு விரிப்புக்கான பாட்டு, ஒன்றுக்கே சரியாகப் போய்விட்டது.

பூச்சி மெல்ல அடுக்கின்மேல் கை வைத்தாள். மற்ற விரிப்புகளின் கனம்தான் இருந்தது. சூடாக இருந்தது. உள்ளே எதுவோ விட்டு விட்டுத் துடித்தது. போனில் லிஸ்ட் திறந்தபடி கிடந்தது. பின்தொடர்பவர்: 1.

"பூச்சி! அத்தானுக்கு டீ ஆறுதுடி, வரச்சொல்லு!" கீழேயிருந்து அம்மா.

ஈரக்கால் தடங்கள் அடுக்கின் அருகிலிருந்து புறப்பட்டன. இவளை நோக்கி வந்தன. இரண்டு அடி தள்ளி நின்றன. அந்த இடத்தில் தரையில் நீர் தேங்கியது.

"அக்கா," என்றாள் பூச்சி. "நான் அன்னிக்கு பாத்தேன்க்கா. லோடு முடியட்டும்னு..."

நீர் பரவி இவள் கால்விரல்களைத் தொட்டது. பனிபோல் இருந்தது. ஏதாவது சொல்வாள் என்று பூச்சி காத்திருந்தாள். திட்டட்டும். அறையட்டும். அந்தப் பழைய கேள்வியையே இன்னொரு தடவை கேட்கட்டும்.

தடங்கள் இவளைச் சுற்றிக்கொண்டு போயின. முதல் படியில் ஒரு ஈரம். இரண்டாவது படியில் ஒன்று. பூச்சி எண்ணிக்கொண்டே நின்றாள். இருபத்திரண்டு. கீழே வாசல் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அக்கா ஒரு வார்த்தை பேசாமல் போனாள்.