ஏழு மணிக்கு வெட்டிய குழி

யூஜினா அலோசியஸ், வயது முப்பத்தாறு. டன்மோரி தேயிலைத் தோட்டத்தின் உச்சியில் இருக்கும் குடிமைக் கல்லூரியில் விரிவுரையாளர். தேநீரில் சீனி சேர்க்கமாட்டாள். பேச்சில் பிறர் சேர்க்கும் சீனியையும் சகிக்கமாட்டாள். கேட்ட கேள்விக்கு விடை வராவிட்டால், அதே கேள்வியை அதே சொற்களில் மறுமுறை கேட்பாள். அதற்கு அஞ்சியே அதிகாரிகள் பலர் அவளைக் கண்டதும் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொள்வர்.

காலை எட்டு நாற்பது.

அவளுடைய கைப்பேசி அலறியது. மாணவி லோஜினியின் அழைப்பு.

"மிஸ்... லோஜினி பேசுறேன். நம்ம திலக்ஷன்... ஏழாம் நம்பர் மலையில கெடக்கான்."

"கெடக்கான்னா?"

"மூச்சு இல்ல மிஸ்."

பாறையடியில், ஒற்றையடிப் பாதையின் ஓரத்தில், குப்புறக் கிடந்தான் திலக்ஷன். இருபத்திரண்டு வயது. யூஜினாவின் மாணவன். அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன்.

அவன் தோளில் எப்போதும் தொங்கும் பையைக் காணவில்லை.

அப்பையில் இருந்தது ஒரு மனு. முந்நூற்றுப் பன்னிரண்டு லயத்துக் குடும்பங்கள் கையெழுத்தும் கைநாட்டும் இட்ட மனு. வீடு கட்ட வாக்களிக்கப்பட்ட காணியை ஒரு ஹோட்டல் கம்பெனிக்குக் கொடுக்கக்கூடாது என்பது கோரிக்கை. நாளை காலை பத்து மணிக்கு நுவரெலியாவில் விசாரணை. மனு இல்லையேல் காணி இல்லை. அதைப் பிரதி எடுப்பதற்காகத்தான் அவன் முதல் பஸ்ஸைப் பிடிக்க இருட்டோடு புறப்பட்டிருந்தான்.

"வழுக்கி விழுந்திருக்கான்," என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுக் குறிப்பேட்டை மூடினார் பொலிஸ் சார்ஜன்ட்.

"அவன் பை எங்க?" என்று அவளும் சிங்களத்தில் கேட்டாள்.

"மழைக்கு மலையெல்லாம் சேறு மிஸ்."

"அவன் பை எங்க?"

சார்ஜன்ட் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டார்.

கல்லூரியின் பணிப்பாளர் கணேசமூர்த்தி கண்களைத் துடைத்தபடி அருகில் வந்தார். அவரும் இதே தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்.

"யூஜினா, பொலிசோட மல்லுக்கு நிக்காதீங்க. லயத்துக்குப் போய் அடக்கத்துக்கு வேண்டியதப் பாருங்க."

போனாள்.

நண்பகல். பீலிக்கரையில், கொட்டும் நீரில், தோட்டத் தொழிலாளி ஆண்டியப்பனும் இன்னொருவரும் மம்பட்டியைக் கழுவிக்கொண்டிருந்தனர்.

"குழி ரெடி மிஸ். ஒரே கல்லு. ஏழு மணிக்குத் தொடங்கினது, இப்பதான் முடிஞ்சுது."

"எத்தனை மணிக்குத் தொடங்கினீங்க?"

"ஏழு."

"ஏழு மணிக்கு யாருக்கு அண்ணே குழி வெட்டுனீங்க?"

ஆண்டியப்பன் விழித்தார். "பெரட்டுல கணக்கப்பிள்ளை ஒதுக்கினாரு. யாருன்னு நாங்க கேக்கல. கீழ எறங்கி வந்தப்பதான் நம்ம தம்பின்னு தெரிஞ்சுது."

தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால், தொழிலாளர் கூடும் காலைப் பெரட்டில் ஆள் பிரிக்கும்போதே குழி வெட்ட இருவரை ஒதுக்குவது வழக்கம். அன்றைக்கு அவர்களுக்கு அதுவே வேலை.

பெரட்டு ஆறரைக்கு.

திலக்ஷனின் உடலைக் கண்டது எட்டரைக்கு.

யூஜினா கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஏறக்குறைய ஓடினாள். கணக்கப்பிள்ளை பொன்னையா தராசடியில் நின்றார்.

"பையன் செத்தது ஆறரைக்கே உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்ன மிஸ், நடுவெயில்ல சாமி வந்த மாதிரி..."

"பையன் செத்தது ஆறரைக்கே உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு எங்க தெரியும்? ஆறு இருவதுக்கு போன் வந்திச்சு. 'தோட்டத்துல ஒரு சாவு, குழிக்கு ரெண்டு பேரை ஒதுக்குங்க'ன்னாரு. அவரு சின்னம்மா காளியாயி மூணு மாசமா படுக்கையில கெடக்குது. சரி, கெழவி போயிட்டான்னு நெனச்சேன். பதினோரு மணிக்குத் துக்கம் கேக்கப் போனா, குந்திக்கிட்டு ரொட்டி திங்குது. எங்கிட்டயே சம்பல் இருக்கான்னு கேக்குது."

"போன் பண்ணினது யாரு?"

பொன்னையா கைப்பேசியை நீட்டினார். இப்போதுதான் அவருக்கும் உறைத்திருக்க வேண்டும்.

திரையில் இருந்த பெயர்... கணேசமூர்த்தி சேர்.

"ஐயோ..." என்றார் பொன்னையா. "ஆறு மணி ஷிப்டுக்காரங்க பாறைப் பாதையாலதான் பெக்டரிக்குப் போவாங்க. நேத்து மெசின் ஒடஞ்சதுல இன்னைக்கு ஷிப்டு இல்ல மிஸ்."

மூன்றரை மணி. பணிப்பாளரின் அறை. சுவரில் 'விழிப்புள்ள குடிமகனே நாட்டின் காவலன்' என்ற பலகை.

"ஷிப்டுக்காரங்க அதுக்குள்ள உடலைப் பாத்திருப்பாங்கன்னு நெனச்சுக் குழிக்குச் சொல்லிட்டீங்க. அப்படித்தானே சேர்?"

கணேசமூர்த்தி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எங்கப்பா செத்தன்னைக்குக் குழிக்கு ஆள் ஒதுக்க மறந்துட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் மழையில கெடந்தாரு. அந்தப் பையனுக்கு அப்படி ஆகக்கூடாதுன்னு..."

"கொன்னுட்டு அக்கறையா?"

"கொல்லல. பையை இழுத்தேன். அவன் விடல. கால் தவறிட்டான்."

"மனு எங்க?"

"எரிச்சாச்சு." அவர் குரல் திடீரெனத் தடித்தது. "ஹோட்டல்காரன் நம்ம கல்லூரிக்கு மூணு மாடி கட்டித் தர்றேன்னு எழுதிக் குடுத்திருக்கான். நூத்தி நாப்பது புள்ளைங்களோட எதிர்காலம். ஒரு துண்டு மலைக்காக அதைக் கெடுக்கச் சொல்றீங்களா?"

"அந்தத் துண்டு மலையில வீடு கட்டக் காத்திருந்தவன் புள்ளைங்கதான் இங்க படிக்குது. மனு எழுதக் கத்துக் குடுத்ததே நீங்க. கத்துக்கிட்டவனப் பாறையில கெடத்திட்டு, மூணு மாடியில யாருக்கு சேர் பாடம் நடத்துவீங்க?"

"வாயைத் திறந்தீங்கன்னா கல்லூரிய மூடிடுவாங்க. மூடிக்கிட்டீங்கன்னா அடுத்த பணிப்பாளர் நீங்கதான். சாட்சி யாரு, பொன்னையாவா? தோட்டத்துச் சம்பளம் வாங்குறவன். இந்நேரம் அந்த நம்பரையே அழிச்சிருப்பான்."

யூஜினா சன்னலைத் திறந்தாள்.

கீழே கல்லூரி முற்றம். கொழுந்துக் கூடையை முதுகிலிருந்து இறக்காமலே பெண்கள் வரிசையில் நின்றனர். வாங்குப் பலகையில் மைப்பெட்டியோடு லோஜினி. ஒவ்வொருவரின் விரலையும் புதிதாக எழுதிய மனுத்தாளில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார் பொன்னையா.

"வேலையை நிறுத்தி அவங்களைக் கூட்டியாந்ததே அவருதான் சேர்."

அவள் சன்னலுக்கு வெளியே குனிந்தாள்.

"எத்தனை ஆச்சு லோஜினி?"

"முந்நூத்தி அஞ்சு மிஸ். இன்னும் ஏறி வந்துக்கிட்டிருக்காங்க."

யூஜினா சன்னலைச் சாத்தாமல் விட்டாள். குடையை எடுத்துக்கொண்டாள்.

"கல்லூரி மூடினா மூடட்டும் சேர். நான் பொலிசுக்குப் போய் வாக்குமூலம் குடுக்கப் போறேன். நாலு மணிக்கு பஸ். நீங்களும் வர்றதா இருந்தா, எடம் பிடிச்சு வைக்கிறேன்."