கார் இல்லாத கார் ஷெட்

சிம்ராவின் வீட்டில் கார் ஷெட் உண்டு. கார்தான் கிடையாது.

மந்தைவெளியில் அந்த வீட்டைக் கட்டியவர் கார் வைத்திருந்தாராம். இப்போது அங்கே அப்பா ஆசிஃபின் ஸ்கூட்டரும், சிம்ரா 'அம்மி' என்று கூப்பிடும் அம்மாவின் தேக்சாக்களும், அதாவது பெரிய பிரியாணிப் பாத்திரங்களும்தான் குடியிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மி அன்வரி பேகம் அங்கே கேஸ் அடுப்பைப் பற்றவைத்தால் போதும், மதியத்துக்குள் தெருவே மோப்பம் பிடித்துக்கொண்டு வந்துவிடும்.

ஆனால் அங்கங்கே பெயர்ந்து குழி விழுந்த அந்தச் சிமெண்ட் தரை இருக்கிறதே, அதை நம்பிக் கால் வைக்க முடியாது. மழைக்காலத்தில் ஒருநாள் அம்மி சாதம் வடிக்கும்போது குழியில் கால் இடறி விழுந்துவிட்டார். மணிக்கட்டில் எலும்பு முறிந்துவிட்டது. நல்லவேளை, கொதிக்கிற கஞ்சி மேலே கொட்டவில்லை.

இப்போது கட்டுப் பிரித்தாகிவிட்டது. ஆனாலும் ஷெட்டுக்குள் வந்தாலே அம்மி தலையைக் குனிந்து, தரையைப் பார்த்துப் பார்த்துத்தான் நடக்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் சிம்ரா ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றுகொள்வாள்.

"டைல்ஸ் போட்டுடலாம்" என்றார் அப்பா. குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது.

"போர்சலின் போடு மச்சான். அதான் கெட்டி" என்றார் கரீமுல்லா மாமு. அவர் அம்மியின் அண்ணன். எந்த விஷயமானாலும் முதல் யோசனை அவருடையதாகத்தான் இருக்கும்.

"போர்சலின்னா இன்னா மாமு?" என்று கேட்டாள் சிம்ரா.

"பீங்கான்டா கண்ணு."

சிம்ராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வாரம் அவள் கை தவறிக் கீழே போட்ட டீ கப்பும் பீங்கான்தான். அது எத்தனை துண்டு ஆனது என்று துடைப்பத்துக்குத்தான் தெரியும்.

"அதுமேல தேக்சாவை வெச்சா உடைஞ்சிடாதா?"

"அது வேற பீங்கான், இது வேற பீங்கான்."

"எப்படி வேற?"

மாமு தாடியைச் சொறிந்தார். "அத்தெல்லாம் கடையில கேட்டுக்கலாம்."

அடுத்த வீட்டு ஸ்ரீனிவாசராகவன் மாமா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "எங்காத்து ஷெட்ல போட்டிருக்கேனே, பாத்தேளா? பளபளன்னு மூஞ்சி தெரியும். சீப்பு எடுத்துண்டு போனா அங்கேயே தலை வாரிக்கலாம்!"

சிம்ரா ஓடிப்போய்ப் பார்த்தாள். உண்மைதான். அவளுடைய மூக்குகூடத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் மாமாவின் மனைவி கோமளம் மாமி கோலம் போட அங்கே தெளித்த தண்ணீர் இன்னும் காயவில்லை. மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து வந்தார்.

"ஏன் மாமா சுவரைப் பிடிச்சுக்கிறீங்க?"

"அதுவா... ஒரு பழக்கம்தான்" என்றார் மாமா.

மறுநாள் அப்பா, மாமு, சிம்ரா மூவரும் பெருங்குடியில் ஒரு டைல்ஸ் கடைக்குப் போனார்கள். தரையிலிருந்து கூரைவரை டைல்ஸ். எதைப் பார்த்தாலும் நன்றாக இருந்தது, அதுதான் பெரிய தொல்லை.

கடையில் இருந்த பூஜா அக்கா சிரித்துக்கொண்டே கேட்டாள். "ஷெட்ல எந்தக் கார் சார் நிக்கும்?"

அப்பா மாமுவைப் பார்த்தார். கார் இல்லை என்று சொல்ல இருவருக்கும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

"பெருசும்மா. குடும்பமே போற காரு!" என்று அடித்துவிட்டார் மாமு.

சிம்ரா விழித்தாள். எப்போது வாங்கினோம்? அப்பாவோ கூரையில் ஓடுகிற மின்விசிறியை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, போர்சலின் உடையாதா? எங்க கப்பு உடைஞ்சிடுச்சே" என்று சிம்ரா கேட்டாள்.

"கப்பு மெல்லிசு இல்லையா? இது தடிமன். நைசான மண்ணை நல்லா அழுத்தி, ரொம்பச் சூட்டுல சுடுவாங்க. தண்ணி உள்ளே இறங்காது. அடியில இடைவெளி இல்லாம சிமெண்ட் போட்டுப் பதிச்சா நல்லா கனம் தாங்கும்."

அதுவரை புரிந்தது. அதற்குப் பிறகு பளபளப்பு, சொரசொரப்பு, இரண்டுக்கும் நடுவில் மேட் என்று அக்கா சொல்லச் சொல்ல, சிம்ராவுக்குத் தலை கிறுகிறுத்தது.

அப்பாவின் கண் வெள்ளை டைல் ஒன்றில் நின்றது. கண்ணாடிபோல மின்னியது. நடுவில் தங்க நிறக் கோடுகள். சிம்ராவுக்கும் அதுதான் ரொம்பப் பிடித்தது.

"காரைத் தாங்கும் சார். தண்ணி பட்டா மட்டும்..." என்று பூஜா அக்கா தொடங்கினாள்.

"லாரியே ஏறினாலும் தாங்கும், இல்ல? அது போதும்!" என்று மாமு குறுக்கே புகுந்தார்.

சிம்ரா அப்பாவின் சட்டையை இழுத்தாள். "லாரி வரப்போறதில்லையேப்பா. அம்மிதானே நடக்கப்போறாங்க?"

அப்பா வெள்ளை டைலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். சிம்ராவுக்கும் எது சரி என்று தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, போட்டுப் பார்த்துவிடலாமே!

"அக்கா, மூணுலயும் ஒவ்வொரு சாம்பிள் தருவீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை. அடுப்பிலிருந்து தள்ளி, ஈரச் சாக்கை விரித்து, டைல்ஸ் நகராதபடி சிம்ரா வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றின் மேலும் கொஞ்சம் கஞ்சி, கொஞ்சம் நெய், பிரியாணிக்கு ஊற்றிக்கொள்ளும் பருப்புக் குழம்பான தால்ச்சா ஒரு கரண்டி.

"இன்னாடி பண்ற? டைல்ஸுக்குச் சோறு போடுறியா?" என்றார் அம்மி.

"ஆமா அம்மி. நம்ம ஷெட்ல இதெல்லாம்தானே கொட்டும்?"

அம்மி சிரித்துக்கொண்டே வெள்ளை டைலின்மேல் கால் வைக்கப் போனார். சிம்ரா பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள்.

"நீ ஏறாதே அம்மி! வேணாம்!" அம்மி மறுபடி விழுந்துவிடுவாரோ என்று அவளுக்குப் பயம்.

"நான் ஏறுறேன். இது சூப்பர் டைலு கண்ணு, பாரு..." என்று மாமு காலை வைத்தார்.

சொல்லி முடிப்பதற்குள் அவர் கால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் போயின. நல்லவேளை, ஸ்கூட்டர் நின்றிருந்தது. மாமு அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணும் ஆகலே. சும்மா வண்டியைப் பாத்துக்கினு கீறேன்" என்றார்.

அப்பாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அம்மியின் மணிக்கட்டைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

சொரசொரப்பான டைலில் மாமு வழுக்கவில்லை. ஆனால் மஞ்சள் எண்ணெய் அதன் பள்ளங்களில் புகுந்துகொண்டது. சிம்ரா தேய்த்தாள், தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள். அம்மியின் கைக்கு இது ஆகாது.

மிச்சம் இருந்தது மேட் டைல். சாம்பல் நிறம், மின்னவே இல்லை. மாமு இரண்டு காலையும் ஊன்றினார், நின்றார். சோப்புத் தண்ணீரில் ஒரு தடவை துடைத்ததும் தால்ச்சா போய்விட்டது. அப்பா காலித் தேக்சாவை அதன்மேல் வைத்து இழுத்தார். ஒரு கோடு விழுந்தது. எல்லோரும் குனிந்தார்கள். அம்மி புடவைத் தலைப்பால் தேய்த்தார். கோடு மறைந்தது. தேக்சாவின் கரிதான்!

"கலர்தான் சுமார்" என்றார் மாமு.

"எனக்கும்தான் பிடிக்கலே" என்று பெருமூச்சு விட்டாள் சிம்ரா. "ஆனா இதுதான் வேணும்."

அப்பா போனை எடுத்தார். "பூஜாம்மா, கார் எல்லாம் இல்லம்மா. எங்க வீட்டம்மாவும் பிரியாணி தேக்சாவும்தான்."

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்!" என்று போனிலிருந்து வந்த குரல் ஷெட் முழுக்கக் கேட்டது.

புதுத் தரையில் முதல் பிரியாணி வெந்த ஞாயிறன்று ஸ்ரீனிவாசராகவன் மாமா பார்க்க வந்தார். குனிந்து தேடினார்.

"மூஞ்சி தெரியலையேம்மா?"

"கால் நிக்குது மாமா" என்றாள் சிம்ரா.

அப்போதுதான் தரை கழுவியிருந்தது. மாமா மெதுவாகச் சுவரிலிருந்து கையை எடுத்தார். இரண்டு அடி நடந்தார். திரும்பவும் இரண்டு அடி நடந்தார். வீட்டுக்குப் போகவே மனம் இல்லாதவர்போல அங்கேயே உலாத்தினார்.

அடுப்படியிலிருந்து அம்மி தால்ச்சா பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாமுவை ஏதோ கேலி செய்து, சிரித்துக்கொண்டே ஷெட்டின் அந்தக் கோடிவரை நடந்தார். ஒரு தடவைகூடத் தரையைக் குனிந்து பார்க்கவில்லை.