முள்முடிச் செடி

மூன்று நாளாக ஓயாமல் கத்திக்கொண்டிருந்த நாய்க்குட்டிகள் அன்று மத்தியானத்திலிருந்து அழவில்லை. சிலுவையம்மாள் மீன் அரிவதை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்தாள். கல்மண்டபத்துத் தெருவில் மாட்டுவண்டி போகிற சத்தம், ராயபுரம் யார்டில் எஞ்சின் நீராவி விடுகிற சத்தம், அடுப்பில் கஞ்சி கொதிக்கிற சத்தம் எல்லாம் கேட்டன. கொல்லைப்பக்கம் மட்டும் ஒன்றுமில்லை. செத்துப்போயிருக்கும் என்று நினைத்தாள். அதற்குக்கூட அவளுக்கு அழுகை வரவில்லை. ராணி செத்ததிலிருந்தே மனசு மரத்துக் கிடந்தது.

ராணி அந்த வீட்டு நாய். பிறந்து பத்து நாள்கூட ஆகாத மூன்று குட்டிகளை விட்டுவிட்டுப் போனது. அதைக் கொன்றது தான்தான் என்று சிலுவையம்மாளுக்குத் தெரியும். பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் ஆண்டவர் சுரூபத்துக்குச் சூட்டிய முள்முடியை மறுநாள் பிரித்து, ஆளுக்கொரு குச்சி வாங்கிவந்து வீட்டில் நடுவது அந்தத் தெரு வழக்கம். போன வருஷம் கொல்லையில் நட்டது இடுப்புயரம் வளர்ந்து, நீள நீள முள்ளும் சிவப்புப் பூவுமாக நின்றது. நாய் இருக்கிற வீட்டுக்கு இது ஆகுமா என்று நடும்போதே பக்கத்து வீட்டு ஃப்ளோரன்ஸிடம் கேட்டிருந்தாள்.

"ஆண்டவரு தலைல இருந்த செடிடி. நாயை இன்னா பண்ணப்போவுது?"

அதை நம்பினாள். மீன் கழுவிய தண்ணீரைத் தினமும் அதற்கே ஊற்றினாள். கவுச்சி வாசனைக்கு ராணி தண்டைக் கடித்தது. உடைந்த இடத்தில் வடிந்த வெள்ளைப் பாலை நக்கி, வாய் வீங்கி, நுரை தள்ளி, ஒரே நாளில் முடிந்துபோனது.

பிடுங்கிப் போடு என்று அவள் புருஷன் அருள்நாதன் சொன்னான். கோயில் செடியில் கைவைக்க அவளுக்குப் பயம். குட்டிகளையாவது பிழைக்க வைத்துவிட்டால் செய்த பாவம் கொஞ்சம் குறையும் என்று ஆட்டுப்பாலில் துணித்திரியை நனைத்து வாயில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் குடிக்கவில்லை.

இப்போது எழுந்து போய்க் குட்டிகள் கிடந்த சாக்கை விலக்கினாள். மூன்றும் உயிரோடிருந்தன. மூன்று வயிறும் உப்பி இறுகியிருந்தன. வாயோரம் பால் காய்ந்திருந்தது.

சாயங்கால ஷிப்டுக்குப் புறப்பட்ட அருள்நாதனிடம் காட்டினாள். ரயில்வே ஃபிட்டருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

"எதுனா தெருநாய் வந்து பால் குட்த்துட்டுப் போயிருக்கும். வுடு."

அவன் போய்விட்டான். கொல்லைச் சுவர் ஆள் உயரம். அதன் வெளிக்கதவு காலையிலிருந்து தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. இதை அவனிடம் சொல்லியிருக்கலாம்.

ஆறு மணிக்குக் கோயிலில் ஜெபமணி அடித்தது. முழங்காலிட்டு அருள்நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினாள். மணி ஓய்ந்தபிறகு கொல்லையிலிருந்து ஈரமான சத்தம் ஒன்று, அவசரமில்லாமல், விட்டுவிட்டுக் கேட்டது. குட்டி பால் குடிக்கிற சத்தம். மீன் கவுச்சி வீட்டுக்குள் வந்தது. கூடவே பச்சைப்பால் வாசனை.

ஜெபத்தைப் பாதியில் விட்டுக் கொல்லைக்குப் போனாள்.

மங்கலாக வெளிச்சம் இருந்தது. சாக்கு காலி. செடி தரையோடு வளைந்திருந்தது. காற்றில்லை. இரண்டு குட்டிகள் தண்டைக் கவ்விக் கிடந்தன. உதட்டில் முள் ஏறியிருந்தது. வெள்ளையும் சிவப்புமாக வடிந்தது. குடித்தன.

மூன்றாவது தவழ்ந்துகொண்டிருந்தது. வாரி எடுத்தாள். உட்கார்ந்துவிட்டாள்.

இதையாவது. இந்த ஒன்றையாவது.

மடியில் வைத்து முந்தானையால் மூடினாள். குட்டி கத்தியது. மத்தியானத்துக்குப் பிறகு முதல் கத்தல்.

செடி அசைந்தது.

ஒரு கிளை திரும்பியது. மெதுவாக. முட்கள் ஒவ்வொன்றாகத் தண்டோடு படிந்தன. கிளை முந்தானைக்குள் நுழைந்தது. தள்ள நினைத்தாள். கை எழவில்லை.

கத்தல் நின்றது.

குட்டி முன்னங்கால்களால் தண்டை அமுக்கி அமுக்கிக் குடித்தது. ஒவ்வொரு அமுக்கலுக்கும் செடி முழுவதும் சிலிர்த்தது. பிறகு அது, குட்டிக்கு வாகாக, அவள் மடிமேல் ஒருக்களித்துப் படுத்தது.