சிவப்புச் செடிக்கு வாங்கிய விளக்கு

ஒரே ஒரு பெட்டி. அதன் மேல் இரண்டு கைகள்.

"நான்தான் முதல்ல எடுத்தேன்" என்றாள் ஜஸீலா.

"எடுக்கல. தொட்டீங்க. எடுத்தது நான்" என்றான் அவன்.

வெளியே தஞ்சாவூரே மழையில் நனைந்துகொண்டிருந்தது. வண்ண மீன் கடைக்காரர் பிரபு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நாலடித் தொட்டிக்கு அந்த எல்.இ.டி. ஒண்ணுதாங்க இருக்கு. நீங்களே பேசி முடிவு பண்ணிக்குங்க" என்று நழுவிவிட்டார்.

ஜஸீலா நிமிர்ந்தாள். ஈரத் தலைமுடி... சிரிப்பை அடக்கத் தெரியாத கண்கள்... பார்க்கக் கூடாது என்று நினைப்பதற்குள் பார்த்துவிட்டாள். அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது.

"உங்க தொட்டியில என்ன செடி?"

"ஜாவா ஃபெர்ன். அப்புறம்... அனுபியாஸ்னு ஏதோ."

"ரெண்டும் நிழல்ல வளர்றது. இவ்வளவு வெளிச்சம் போட்டீங்கன்னா பாசிதான் வளரும். கண்ணாடியெல்லாம் பச்சையாப் போயிடும். உங்களுக்கு அந்தச் சின்ன லைட்டே போதும்."

"உங்களுக்கு மட்டும் பெருசு வேணுமாக்கும்?"

"என்னோடது சிவப்புச் செடி. வெளிச்சம் பத்தலேன்னா வெளிறிப்போகும். அதுக்காக கேஸ் சிலிண்டர்கூட வச்சிருக்கேன்."

"சிலிண்டரா? மீனைக் குழம்பு வைக்கப் போறீங்களா?"

"கார்பன் டை ஆக்சைடுங்க! செடிக்கு!"

சிரிக்கக் கூடாதென்று உதட்டைக் கடித்தாள். முடியவில்லை. அவள் சிரித்ததும் பெட்டியிலிருந்து அவன் கை தானாக விலகியது.

மழை விடுவதாக இல்லை. வாசலில் நின்றபடி பேசினார்கள். அவன் பெயர் யூனுஸ். தோஹாவில் வேலை, விடுமுறைக்கு வந்திருக்கிறான். ஊர் எது என்று பார்த்தால் அவனுக்கும் அதிராம்பட்டினம்! அவள் தெருவுக்கு அடுத்த தெரு. வாங்க வந்தது தங்கை ஜன்னத்தின் புது வீட்டுக்கு. அந்த ஊரில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். தங்கைக்கு வீடு எழும்பிய பிறகுதான் அண்ணன் தன் கல்யாணத்தைப் பற்றி நினைக்க முடியும்.

"ஜன்னத்துக்கு முடிஞ்சா அடுத்து நான்தான்" என்றான் யூனுஸ், அவள் கண்களைப் பார்த்து. "நீங்க யாருக்கு வாங்குறீங்க?"

"எனக்குத்தான். என் வீட்டு ஹாலுக்கு. வாப்பா இப்பதான் கட்டி முடிச்சாங்க."

அவன் கண்களில் இருந்த சிரிப்பு அணைந்தது. பெண்ணுக்கு வீடு எப்போது வேண்டுமானாலும் எழும்பலாம். ஆனால் ஹாலுக்கு அலங்காரம் நடக்கிறதென்றால் மாப்பிள்ளை பேசி முடித்தாகிவிட்டது... அதிராம்பட்டினத்துக்காரர் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

"முபாரக்" என்று மெதுவாக வாழ்த்தினான்.

ஜஸீலாவுக்குப் புரிந்துவிட்டது. மாப்பிள்ளையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மீன் பைத்தியம் என்று உம்மா திட்டத் திட்ட, காலி வீட்டில் அவளாகக் கொண்டுபோய் வைத்த தொட்டி அது. 'இன்னும் யாரும் பேசல' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சொல்லவில்லை. எனக்கு மாப்பிள்ளை இல்லை என்று நானாகப் போய்ச் சொல்வதா? வேண்டுமென்றால் அவர் கேட்கட்டுமே! ரோஷம் மூக்கின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

சந்தேகம் கேட்கவென்று அவள் நம்பரை வாங்கிக்கொண்டான். சந்தேகம் மட்டும்தான் கேட்டான், மகாராசன். 'ஆறு மணி நேரம் லைட் எரிஞ்சா போதுமா?' 'போதும்.' 'கொஞ்சம் உயரமா மாட்டலாமா?' 'மாட்டுங்க.' போன் சிணுங்கும்போதெல்லாம் நெஞ்சு துள்ளும்... திறந்தால் ஓர் இலையின் படம். இன்னொருவருக்குப் பேசிய பெண்ணிடம் மரியாதை தெரிந்தவன் வேறென்ன பேசுவான்? அது தெரிந்தும் அவள் பிடிவாதம் இறங்கவில்லை. அவன் தோஹா திரும்பினான். கொஞ்ச நாளில் இலைப் படங்களும் நின்றன.

அந்த ஆத்திரத்தில்தான், துபாய் மாப்பிள்ளை ஒருவரைப் பற்றி வாப்பா கேட்டபோது "உங்க இஷ்டம்" என்றாள். யாரைப் பழிவாங்க அப்படிச் சொன்னாளோ, அவனுக்கு அந்தச் செய்திகூடப் போய்ச் சேரவில்லை.

ஜன்னத்தின் புது வீட்டு விருந்துக்கு உம்மாவோடு போனாள். ஜன்னத் கையைப் பிடித்து ஹாலில் இருந்த மீன் தொட்டிக்கு இழுத்தாள். "ராத்தா, இலையெல்லாம் ஓட்டை விழுது, கொஞ்சம் பாருங்க. காக்கா, அந்த லைட்டத் தூக்கிப் பிடிங்க!"

முந்தைய நாள்தான் ஊர் வந்து இறங்கிய அவள் அண்ணன் யூனுஸ் விளக்கைத் தூக்கிப் பிடித்தான். உள்ளே யாரோ கூப்பிட, ஜன்னத் ஓடிவிட்டாள்.

"லைட் சரியாத்தான் இருக்கு. உரம்தான் பத்தல" என்றாள் ஜஸீலா, தண்ணீரைப் பார்த்தபடி.

"உங்க கல்யாணம் எப்பவோ முடிஞ்சிருக்கும்னு நினைச்சேன். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கலையா?"

"வர்ற வெள்ளிக்கிழமை நிக்காஹ். பேசி முடிச்சதே போன மாசம்தான்."

அவன் விளக்கைத் தாழ்த்தினான். "போன மாசமா? அப்ப... அன்னைக்குக் கடையில?"

"அன்னைக்கு யாரும் இல்ல."

"உம்மாக்கிட்ட உங்களப் பத்திச் சொல்ல அன்னைக்கே வாயெடுத்தேன். அடுத்தவருக்குப் பேசின பொண்ணாச்சேன்னு முழுங்கிட்டேன். தோஹா போயும் மனசு அடங்கல. அதான் மெசேஜை நிறுத்தினேன். எனக்கு உங்கள அவ்வளவு பிடிச்சிருந்துச்சு, ஜஸீலா..."

எந்த வார்த்தைக்காகக் காத்துக் கிடந்தாளோ, அது வந்தேவிட்டது. அவளுக்கு நெஞ்சு கசந்தது.

"நீங்க தப்பா நினைச்சது எனக்கு அப்பவே தெரியும்."

"தெரியுமா!"

"நீங்களா கேக்கணும்னு இருந்தேன்."

"இப்பவாவது வாப்பாக்கிட்ட..."

"வாப்பா ஊரறியச் சொல் குடுத்துட்டாங்க. வர்றவரும் நல்ல மனுஷன். அவர் மேல ஒரு குத்தமும் இல்ல. உங்க மேலயும் இல்ல. எல்லாம் நான் பண்ணினது." குரல் உடைந்தது. "உங்கள எனக்கும் பிடிக்கும். இப்பவும் பிடிக்கும்... இதுக்கு மேல சொல்ல மாட்டேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் திட்டவில்லை. விளக்கை அதன் இடத்தில் வைத்துவிட்டு வாசல் பக்கம் போய்விட்டான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பெண்கள் பந்தியில் போய் உட்கார்ந்தாள். எதிரே இருந்த பெரியம்மா ஒருத்தி அவள் சிவந்த கண்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"நீ எங்கம்மா போகப் போற? அவர்தானே உன் வீட்டுக்கு வரப் போறாரு... அதுக்குப் போயி அழுவாங்களா!"

எல்லோரும் சிரித்தார்கள். ஜஸீலாவும் சிரித்தாள்.